குழந்தையின் மூச்சுக்குழாயில் கடலை சிக்கினால்: அடைத்த நிமிடத்திலிருந்து வீடு திரும்பும் வரை

புரை ஏறினால் நம் வீடுகளில் முதலில் கை போவது உச்சந்தலைக்குத்தான். "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லி இரண்டு தட்டு தட்டுவோம். பெரியவர்களுக்கு அது போதும். தண்ணீரோ சோற்றுப் பருக்கையோ வழி தவறியிருக்கும், இருமினால் வந்துவிடும். ஒன்றரை வயதுக் குழந்தை வாய் நிறைய வேர்க்கடலையோடு சிரித்துக்கொண்டே ஓடும்போது புரை ஏறினால் அப்படி விட்டுவிட முடியாது.

ஈ.என்.டி. ஆபரேஷன் தியேட்டரில் கருவி மேசைக்குப் பக்கத்தில் பல வருஷம் நின்ற செவிலி நான். மூச்சுக்குழாயிலிருந்து கடலை, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, பொம்மைக்குள் இருக்கும் விசில், மூக்குத்தித் திருகாணி என்று எத்தனையோ வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். புரை ஏறிய அன்றே வந்த குழந்தைகள் பெரும்பாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். என்னை வருத்தியவர்கள் மூன்று வாரம், ஒரு மாதம் கழித்து வந்தவர்கள். "வீசிங்" என்று நெபுலைசர் வைத்து, ஆன்டிபயாடிக் இரண்டு முறை மாற்றி, காய்ச்சல் விட்டு விட்டு அடித்த பிறகு வருவார்கள். "முன்னாடி எப்பவாவது புரை ஏறிச்சா?" என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த வயது, ஏன் கடலை

ஒன்று முதல் மூன்று வயது வரைதான் இது மிக அதிகம். முன்பல் முளைத்துவிடும், கடிக்கத் தெரியும். அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுசாக வந்திருக்காது. கடலையைக் கடித்தால் இரண்டாகப் பிளக்குமே தவிர மாவாகாது. போதாக்குறைக்கு வாயில் உணவோடு அழும், சிரிக்கும், ஓடும். சட்டென்று மூச்சை இழுக்கும் நொடியில் குரல்வளை திறந்திருக்க, கடலை உள்ளே போய்விடுகிறது. அந்த வயதில் மூச்சுக்குழல் ஒரு பென்சில் பருமன்கூட இருக்காது.

மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இரண்டு கிளையாகப் பிரிகிறது. வலது கிளை சற்று அகலம், நேராகவும் இறங்கும். அதனால் பொருட்கள் அங்கே போவது கொஞ்சம் அதிகம். சின்னக் குழந்தைகளில் அந்த வித்தியாசம் பெரிதில்லை என்பதால் இடது பக்கமும் நிறையப் பார்க்கிறோம்.

நிலக்கடலை, மல்லாட்டை, கச்சான் என்று ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும் உள்ளே போனால் அது செய்யும் வேலை ஒன்றுதான். ஈரத்தில் ஊறி உப்பும். அதன் எண்ணெய் பட்ட இடமெல்லாம் சிவந்து வீங்கிச் சளி கட்டும். நாளாக ஆக நொறுங்கவும் தொடங்கும். பட்டாணி, பொட்டுக்கடலை, புளியங்கொட்டை எல்லாம் இதே வகை. பிளாஸ்டிக் துண்டு இவ்வளவு வேகமாகப் புண்ணாக்காது. சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அடைத்த அந்த நிமிடம்

குழந்தையின் சத்தத்தை முதலில் கவனியுங்கள். பலமாக இருமுகிறதா, அழுகிறதா? அப்படியானால் காற்று போய் வருகிறது. இருமவிடுங்கள். முதுகில் குத்த வேண்டாம், தண்ணீர் கொடுக்க வேண்டாம், சோற்று உருண்டையோ வாழைப்பழமோ விழுங்க வைக்க வேண்டாம். விரலை விட்டுத் துழாவவே கூடாது. பொருள் கண்ணுக்குத் தெரிந்து, எளிதில் எடுக்க முடிந்தால் மட்டும் எடுக்கலாம். கண்ணால் பார்க்காமல் விரல் விட்டால், பாதியில் நிற்பதை நாமே உள்ளே தள்ளி முழுசாக அடைத்துவிடுவோம்.

சத்தமே இல்லை, இருமல் வரவில்லை, உதடு நீலமாகிறது என்றால் காற்று நின்றுவிட்டது. ஒருவர் 108-க்கு அழைக்கட்டும் (இலங்கையில் 1990). இன்னொருவர் உடனே தொடங்க வேண்டும்.

ஒரு வயதுக்குக் கீழ்: குழந்தையைக் குப்புற உங்கள் முன்கையில் கிடத்துங்கள். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும், தாடையைக் கையால் தாங்குங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை அல்லது குழந்தை அழும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது, ஈரல் கிழியலாம்.

ஒரு வயதுக்கு மேல்: முன்பக்கம் சாய்த்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்கூட்டுக்குக் கீழே மடக்கிய கையை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை வெடுக்கென்று அழுத்துங்கள். இதையும் மாற்றி மாற்றித்தான் செய்ய வேண்டும்.

நினைவு தப்பினால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள். செயற்கை சுவாசம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து பாருங்கள், பொருள் தெரிந்தால் எடுங்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவதை இன்றும் சில இடங்களில் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இருமல் நின்றபின் வரும் அமைதி

இதைத்தான் நிறைய வீடுகளில் தவறவிடுகிறார்கள். ஐந்து பத்து நிமிடம் விடாமல் இருமிய குழந்தை சட்டென்று அமைதியாகிறது. விளையாடப் போகிறது, பால் குடிக்கிறது. "முழுங்கிடுச்சு போல" என்று வீடு மூச்சு விடுகிறது. உண்மையில் பொருள் குரல்வளையைத் தாண்டிக் கீழே ஒரு கிளையில் போய் உட்கார்ந்திருக்கலாம். அங்கே இருமலைத் தூண்டும் நரம்புகள் கொஞ்ச நேரத்தில் பழகி ஓய்ந்துவிடும். இந்த அமைதி சில மணி நேரமோ, சில வாரமோகூட நீடிக்கும். பிறகுதான் ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம், விட்டு விட்டுக் காய்ச்சல், மருந்துக்கு அடங்காத இருமல், அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா.

கடலை, விதை, சின்னப் பொருள் ஏதாவது வாயில் இருக்கும்போது புரை ஏறி, கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமியிருந்தால், இப்போது நன்றாக இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கொண்டுபோவது

"சளி, வீசிங்" என்று தொடங்காதீர்கள். "நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடலை சாப்பிடும்போது புரை ஏறியது, பத்து நிமிடம் இருமினான், முகம் சிவந்தது" என்று தொடங்குங்கள். பார்த்தவர் பாட்டியோ அக்காவோ என்றால் அவர்களையும் அழைத்துப் போங்கள். பயந்துபோய்ச் சொல்லாமல் மறைக்கும் அண்ணன்மார்களும் உண்டு. திட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

உள்ளே போனது போன்றதே இன்னொன்று வீட்டில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அதே கடலை, அதே விசில், ஜோடியில் மிச்சமிருக்கும் அந்தத் திருகாணி. எந்த இடுக்கி அதைச் சரியாகப் பிடிக்கும் என்று வெளியிலேயே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நல்ல மருத்துவர்கள் உள்ளே போவார்கள். வழுக்கும் பாசிமணிக்கு ஒரு கருவி, கடலைக்கு வேறு கருவி. கையில் மாதிரி இருந்தால் தியேட்டரில் பல நிமிடங்கள் மிச்சம்.

கிளம்பிய நேரத்திலிருந்து வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்துக்குப் பொதுவாகத் திட உணவு முடிந்து 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பார். சாதாரண வீசிங்கில் சத்தம் இரு பக்கமும் இருக்கும். பொருள் சிக்கினால் பெரும்பாலும் ஒரு பக்கம் காற்று குறைவாகப் போகும். எதுவும் கேட்காமலும் போகலாம். அப்போதும் நீங்கள் சொல்லும் சம்பவம்தான் பெரிய சாட்சி.

எக்ஸ்ரே நார்மல் என்றால்?

திருகாணி, ஊக்கு, பேட்டரி போன்ற உலோகங்கள் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். கடலையும் விதையும் பிளாஸ்டிக்கும் தெரியாது. அவை ஏற்படுத்தும் விளைவைத்தான் தேட வேண்டும். மூச்சு இழுக்கும்போது கிளை விரிவதால் பொருளைச் சுற்றிக் காற்று உள்ளே போகிறது. விடும்போது கிளை சுருங்கிப் பொருளை இறுக்கிக்கொள்வதால் காற்று வெளியே வர வழியில்லை. அந்த நுரையீரல் பந்து போல உப்பி, படத்தில் அதிகக் கறுப்பாக, இதயத்தை மறுபக்கம் தள்ளிக்கொண்டு தெரியும். மூச்சை வெளியே விட்ட நிலையில் எடுத்த படத்தில் இது இன்னும் தெளிவு. பொருள் முழுசாக அடைத்துவிட்டால் நேர்மாறாக, அந்தப் பகுதி சுருங்கி வெள்ளையாகும்.

முதல் நாளில் எக்ஸ்ரே முழுக்க நார்மலாக வருவது சர்வசாதாரணம். "எக்ஸ்ரேயில் ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்றால், "புரை ஏறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம், பிராங்கோஸ்கோப்பி தேவையா?" என்று மரியாதையாக, விடாமல் கேளுங்கள். மயக்கம் கொடுத்து, வாய் வழியாக ஒரு குழாயை விட்டு மூச்சுக்குழலுக்குள் பார்ப்பதுதான் பிராங்கோஸ்கோப்பி. சந்தேகம் பாதிபாதி என்றால் சி.டி. ஸ்கேன் உதவும். சம்பவம் தெளிவாக இருந்தால் அதற்குக் காத்திருக்காமல் நேராகவே உள்ளே பார்க்கலாம். பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அது வீண் ஆபரேஷன் இல்லை. ஒரு கடலையைத் தவறவிட்டு நுரையீரல் கெடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கே, எப்போது

பிராங்கோஸ்கோப்பியை எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்ய முடியாது. குழந்தை அளவுக் கருவிகள், ஈ.என்.டி. அல்லது குழந்தைகள் அறுவை மருத்துவர், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர், பிறகு தேவைப்பட்டால் ஐசியு, நான்கும் ஒரே இடத்தில் வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, பெரிய தனியார் மருத்துவமனைகள் இதற்கானவை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய்க் காப்பீட்டுப் பிரிவில் உடனே கேட்டுவிடுங்கள்.

மூச்சுத்திணறல் இருந்தால் காரைவிட ஆக்சிஜன் உள்ள ஆம்புலன்ஸ் நல்லது. குழந்தை எந்த நிலையில் சௌகரியமாக மூச்சு விடுகிறதோ, அப்படியே மடியில் உட்கார வைத்துக் கொண்டுபோங்கள். வலுக்கட்டாயமாகப் படுக்க வைக்காதீர்கள், அழ வைக்காதீர்கள்.

திணறல் இருந்தாலோ, பொருள் மூச்சுக்குழலிலேயே ஆடிக்கொண்டிருந்தாலோ, பட்டன் பேட்டரி என்றாலோ வயிறு காலியாகக் காத்திருக்க மாட்டார்கள், உடனே தியேட்டர். பேட்டரி மணிக்கணக்கிலேயே சதையை அரித்துவிடும். குழந்தை நிம்மதியாக இருந்தால், நள்ளிரவில் அரைகுறை ஆட்களோடு செய்வதைவிட, கண்காணிப்பில் வைத்துக் காலையில் முழு அணியோடு செய்வது பாதுகாப்பு. அப்படிச் சொன்னால் அலட்சியம் என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

கையெழுத்துப் போடுமுன்

படிவத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கை நடுங்கும். பல், உதட்டில் காயம், குரல்வளை வீக்கம், இரத்தக் கசிவு, ஆக்சிஜன் குறைதல், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிதல், ஒரே தடவையில் எடுக்க முடியாமல் மறுமுறை செய்வது, அரிதாக உயிராபத்து. இவை உண்மைதான். பழகிய கைகளில் பெரும்பாலான குழந்தைகள் ஒரே முறையில் பத்திரமாக வெளியே வருகிறார்கள் என்பதும் உண்மை. பொருளை உள்ளேயே விடுவதுதான் கூடுதல் ஆபத்து. ஆடும் பல், முன்பே ஆஸ்துமா, இதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இருந்தால் இப்போது சொல்லிவிடுங்கள்.

தியேட்டருக்குள்

கதவு மூடியபின் உள்ளே நடப்பது தெரியாமல்தான் பெற்றோர் தவிப்பார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

வெட்டு, தையல் எதுவும் கிடையாது. எல்லாம் வாய் வழியாகத்தான். குழந்தை வருமுன்பே மேசையில் எல்லாக் கருவியும் பொருத்திச் சோதிக்கப்பட்டிருக்கும். குழந்தையின் அளவுக்கு ஒரு பிராங்கோஸ்கோப், அதைவிட ஒரு அளவு சின்னது இன்னொன்று. இது மெல்லிய, வளையாத உலோகக் குழாய். உள்ளே லென்ஸ் குழாய் போகும், பக்கவாட்டுத் துளையில் ஆக்சிஜனும் மயக்க வாயுவும் போகும். நீள இடுக்கிகள், சளி உறிஞ்சும் குழாய், உருண்டையான பொருளுக்கு நுனியில் பலூன் உள்ள குழாய். உறிஞ்சி வேலை செய்கிறதா, விளக்கு எரிகிறதா, திரையில் படம் தெளிவா என்று பார்த்தபின்தான் மயக்கம்.

அறுவை மருத்துவருக்கும் மயக்க மருத்துவருக்கும் இருப்பது அந்த ஒரே குழாய்தான். ஒருவர் அதற்குள் வேலை செய்ய வேண்டும், இன்னொருவர் அதன் வழியாகவே குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும். ஒருவரையொருவர் பார்க்காமலே பேசிக்கொள்ளும் இரண்டு பேர் வேண்டும். முகமூடி வழியாக வாயு கொடுத்து மெல்ல உறங்க வைத்து, குழந்தை தானாகவே மூச்சு விடும்படி வைத்திருப்பது ஒரு முறை. வெளியிலிருந்து அழுத்திக் காற்றுக் கொடுத்தால் பொருள் இன்னும் உள்ளே நகரலாம் என்பதே காரணம். தசைகளைத் தளர்த்தி மூச்சை முழுக்கத் தாங்களே ஏற்கும் முறையும் உண்டு, அதில் குழந்தை நடுவில் இருமி அசையாது. இரண்டிலும் நல்ல பலன் பார்த்திருக்கிறேன். தொண்டை வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு ஊசியும், குரல்நாண்கள் மரத்துப்போக ஒரு ஸ்பிரேயும் கொடுப்பார்கள்.

தோளுக்கடியில் துணிச் சுருள். பற்களுக்கு மேல் ஈரமான காஸ் துணி. குழாயின் நுனியைத் திருப்பி, குரல்நாண்களுக்கு நடுவில் மென்மையாக நுழைப்பார்கள். அந்த நொடி தியேட்டரில் மானிட்டர் சத்தம் மட்டும்தான் கேட்கும். முதலில் போவது நல்ல பக்கத்துக்கு. அங்கே இருக்கும் சளியை உறிஞ்சி, அந்த நுரையீரலைச் சுத்தமாக்கிவிட வேண்டும். மற்றப் பக்கத்தில் வேலை நடக்கும்போது குழந்தை அதை நம்பித்தான் இருக்கும். பிறகு தலையைச் சற்றுத் திருப்பி அடைபட்ட கிளைக்கு வருவார்கள். வலது கிளை என்றால் தலை இடப்பக்கம் திரும்பும்.

கடலை அங்கே பெரும்பாலும் சளியில் மூழ்கி, சுற்றிலும் சதை வீங்கிக் கிடக்கும். பழையது என்றால் தொட்டதும் இரத்தம் கசியும், அட்ரினலின் நனைத்த பஞ்சை வைத்துப் பொறுக்க வேண்டும். இடுக்கியைத் திறந்து, கடலையைத் தள்ளாமல் அதன் இரண்டு ஓரத்தையும் தழுவி, நொறுங்காத அளவுக்கு மட்டும் பிடிக்க வேண்டும். பிடித்ததும் குழாயின் நுனிவரை இழுத்து, குழாய், இடுக்கி, கடலை மூன்றும் ஒன்றாக வெளியே. குழாய்க்குள்ளே இழுக்கப் பார்த்தால் உடைந்துவிடும்.

ஆபத்தான இடம் கடைசி இரண்டு அங்குலம். குரல்நாண்களும் அவற்றுக்குச் சற்றுக் கீழேயும்தான் மிகக் குறுகல். அங்கே இடுக்கியிலிருந்து கடலை நழுவினால் மொத்தமாக மூச்சு நின்றுபோகும். அப்போது செய்ய வேண்டியதை எல்லோரும் முன்பே பேசி வைத்திருப்பார்கள். உடனே பிடிக்க முடியாவிட்டால், வந்த கிளைக்கே திரும்பத் தள்ளிவிட வேண்டும். ஒரு நுரையீரலாவது மூச்சு விடும். ஆக்சிஜன் ஏறியபின் மறுபடி முயலலாம்.

வெளியே வந்துவிட்டால் முடிந்ததில்லை. மறுபடியும் உள்ளே போய் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். கடலை பாதிபாதியாகப் பிளந்துதான் போகும், இன்னொரு பாதி மற்றக் கிளையில் இருக்கலாம். எடுத்ததை மேசையில் சேர்த்து வைத்து முழுசா என்று பார்ப்பதை நான் ஒருபோதும் விட்டதில்லை. உங்களுக்கும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த முறைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. 1897-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்கில் குஸ்தாவ் கில்லியன் ஒரு விவசாயியின் வலது கிளையிலிருந்து எலும்புத் துண்டை வாய் வழியாகவே எடுத்தார். பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செவாலியர் ஜாக்சன் இதற்கென்றே கருவிகள் செய்து முறையாகக் கற்பித்தார். அவர் எடுத்துச் சேர்த்த 2,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் இருக்கின்றன. ஹரால்ட் ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு லென்ஸ் வந்தபின்தான் உள்ளே இருப்பது இன்று போலத் துல்லியமாகத் தெரியத் தொடங்கியது.

வாய் வழியாக வராவிட்டால்

அரிது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். பொருள் குரல்வளை வழியே வர முடியாத அளவு பெரிது அல்லது கூர்மை என்றால் கழுத்தில் சின்னத் துளையிட்டு அதன் வழியே எடுப்பார்கள். பல மாதம் புதைந்து எந்த இடுக்கிக்கும் சிக்காவிட்டால் நெஞ்சைத் திறந்து கிளையைக் கீறி எடுக்க நேரும். நுரையீரலின் அந்தப் பகுதியே கெட்டுப்போயிருந்தால் அதை அகற்றவும் நேரலாம். வீக்கம் மிக அதிகமென்றால் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி முயல்வதும் உண்டு.

வெளியே வந்தபின்

முதல் சில மணி நேரம் குரல் கரகரக்கும், இருமல் இருக்கும். ஈரப்பதமான ஆக்சிஜன் வைப்பார்கள். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அட்ரினலினை நெபுலைசரில் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நர்ஸைக் கூப்பிட யோசிக்காதீர்கள். நன்றாக விழித்து, விழுங்கத் தெரிந்தபின் தண்ணீரில் தொடங்கலாம், நேரத்தை அவர்கள் சொல்வார்கள். பொதுவாக ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் வீடு. சீழ் இருந்திருந்தால் ஆன்டிபயாடிக் சில நாள் தொடரும்.

வீட்டில் காய்ச்சல், நெஞ்சு உள்வாங்கும் மூச்சு, இருமலில் இரத்தம், ஒரு வாரம் கழித்தும் நிற்காத இருமல், இவற்றில் எது வந்தாலும் திரும்பக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறானே என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். சுருங்கியிருந்த நுரையீரல் விரிந்துவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

முழுக் கடலை, பட்டாணி, பொரித்த பருப்பு எதையும் நான்கைந்து வயது வரை கொடுக்க வேண்டாம். கடலை சத்துள்ளதுதான். பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம், வேர்க்கடலைச் சட்னியாகக் கொடுக்கலாம். சீத்தாப்பழத்தை விதை நீக்கிப் பிசைந்து கொடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். உட்கார்ந்து சாப்பிடட்டும், வாயில் உணவோடு சிரிப்பு மூட்டாதீர்கள். சரஸ்வதி பூஜைச் சுண்டல், கார்த்திகைப் பொரி, பயணத்தில் வாங்கும் கடலைப் பொட்டலம் எல்லாம் வரும் நாட்களில், குழந்தை கைக்கு எட்டுகிற தட்டு எது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.